ஒரு மைக், இரண்டு மிக்ஸர்: 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் சபாவில் அரங்கத்துக்கு ஒரு மிக்ஸர், நேரலைக்கு இன்னொன்று. மைக்குகளை ஒய் கேபிள் போட்டுப் பிரித்தோம். இரண்டாவது மிக்ஸரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பேசாமல் அரங்க மிக்ஸரின் அவுட்டையே நேரலைக்கு எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மிருதங்கம் மைக் இல்லாமலே அரங்கில் கேட்கும். அதனால் ஒலி அமைப்பவர் மிக்ஸரில் அதன் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு கட்டையை) கீழேதான் வைத்திருப்பார். அந்த அவுட்டை அப்படியே அனுப்பினால், வீட்டில் கேட்பவருக்குத் தனி ஆவர்த்தனம் பக்கத்துத் தெருவில் நடப்பது போலிருக்கும். மைக்கிலேயே பிரிக்க நினைத்தது சரிதான்.

ஒய் கேபிளால் சத்தம் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். 150 ஓம் மைக்கை 2,000 ஓம் உள்ளீடு கொண்ட இரண்டு மிக்ஸர்களுக்குக் கொடுத்தால் குறைவது ஒரு டெசிபல்கூட இல்லை. சிக்கல் எர்த்தில். இரண்டு மிக்ஸர்களும் வெவ்வேறு பிளக்கில் மின்சாரம் எடுக்கின்றன; மைக் கேபிளின் ஒன்றாம் பின் (மூன்று பின்களில் எர்த்துக்கானது) அவற்றின் எர்த்துகளை இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

முதலில் காசில்லாத வைத்தியம்: இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் நேரலைக்குப் போகும் கிளையில் மட்டும் ஒன்றாம் பின்னின் கம்பியை வெட்டிவிடலாம். ஆனால் மிக்ஸரின் த்ரீ பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றும் கைவைத்தியம் மட்டும் கூடவே கூடாது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

நிலையான தீர்வு டிரான்ஸ்பார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு மைக்கின் ஒலியை இரண்டாகப் பிரித்துத் தரும் பெட்டி. அதன் நேரடி வெளியீட்டை அரங்க மிக்ஸருக்கும், டிரான்ஸ்பார்மர் வழியாக வருவதை நேரலைக்கும் கொடுங்கள். இரைச்சல் மிச்சமிருந்தால் நேரலைப் பக்கத்து கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (ஒன்றாம் பின்னின் இணைப்பைத் துண்டிப்பது) தட்டுங்கள். கண்டென்சர் வகை மைக் வேலை செய்ய மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பாண்டம் பவர், டிரான்ஸ்பார்மரைத் தாண்டாது. அதை அரங்க மிக்ஸரிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கச்சேரி நடுவே அங்கே யாராவது அதை அணைத்தால் இரண்டு பக்கமும் ஊமை. அந்தப் பொத்தான் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பெரிய பெட்டி தேவையில்லை. பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடமோ கஞ்சிராவோ ஒன்று, தம்புரா: ஆறு சானல் போதும்.