குளுக்கோஸ் வளையமும் ஷக்கர் சிவப்பும்: கேள்வி பதில்

(தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை; கேட்டவரின் பேட்டைப் பெயர் முன்னால்)

மயூர் விஹார்: சார், குளுக்கோஸை வளையமாக வரையும்போது எந்த ஓஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி) மேலே, எது கீழே?

முதலில் கார்பனுக்கு எண் போடுங்கள். ஆல்டிஹைடு 1, கடைக்கோடி 6. ஃபிஷர் படத்தில் (கார்பன்களை மேலிருந்து கீழாக நேராக அடுக்கும் படம்) வலப்பக்கம் இருப்பது வளையத்தில் கீழே போகும், இடப்பக்கம் இருப்பது மேலே. குளுக்கோஸில் 2 வலம், 3 இடம், 4 வலம். ஆகவே கீழ், மேல், கீழ். பலரும் சறுக்குவது 5-இல். அங்கும் வலப்பக்கம் ஓஹெச் இருக்கிறதே என்று கீழே ஒன்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஆக்சிஜன்தான் 1-ஐப் பிடித்து வளையத்தை மூடுகிறது, தனி ஓஹெச்சாக மிஞ்சாது. 6 மேலே நிற்கும். 1-இல் ஓஹெச் கீழே என்றால் ஆல்ஃபா, மேலே என்றால் பீட்டா.

ஆர்.கே.புரம்: காலக்டோஸ்?

குளுக்கோஸில் 4-ஐ மட்டும் மேலே திருப்புங்கள். 2-ஐ மட்டும் திருப்பினால் மான்னோஸ்.

கரோல் பாக்: பெனடிக்ட் என்பது ஆல்டிஹைடு உள்ள சர்க்கரையோடு கொதித்தால் சிவக்கும் நீலக் கரைசல். சாதாரணச் சர்க்கரை அதில் நிறம் மாறாதாம். என் மகளுக்குச் செங்கல் சிவப்பு வந்ததே, புத்தகம் தப்பா?

கடையில் என்ன கேட்டு வாங்கினீர்கள்?

கரோல் பாக்: ஷக்கர். சர்க்கரைதானே?

இல்லைங்க. இங்கே வெள்ளைச் சர்க்கரை சீனி. ஷக்கர் என்றால் பொடித்த வெல்லம். அதில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கும், சிவப்பு அவற்றால் வந்தது. சுக்ரோஸில் குளுக்கோஸின் 1-உம் ஃப்ரக்டோஸின் 2-உம் ஒரே ஆக்சிஜனில் மாட்டியிருக்கின்றன. வளையம் திறந்தால்தான் நிறம் மாறும். திறக்கும் இடம் இரண்டுமே பூட்டு, அதனால் நிறம் மாறாது.

முனிர்கா: ஒத்துக்க மாட்டேன். சீனியிலேயே எங்களுக்கு லேசாகப் பச்சை வந்தது. கொதியில் உடைந்திருக்கும்.

பெனடிக்ட்டில் சோடியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். சுக்ரோஸை உடைக்க அமிலம் வேண்டும். குழாயில் முந்தைய குளுக்கோஸ் ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். 5 மி.லி. பெனடிக்ட்டில் 8 சொட்டு வாலைவடிநீர் விட்டு, கொதிநீரில் 3 நிமிடம் வையுங்கள். அதுவும் பச்சையானால் குழாயோ பெனடிக்ட்டோ அழுக்கு. பிறகு 5 மி.லி. சீனிக் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 சொட்டு விட்டு 5 நிமிடம் கொதிக்க வைத்து, நுரை அடங்கும்வரை சோடியம் பைகார்பனேட் போட்டுச் சோதியுங்கள். இப்போது சிவக்கும்.

லஜ்பத் நகர்: ஃப்ரக்டோஸ் கீட்டோன் ஆச்சே, அது ஏன் சிவக்கிறது?

அந்தக் காரத்தில் ஃப்ரக்டோஸ் ஈனடையால் என்ற இடைநிலை வழியாகக் குளுக்கோஸாகவும் மான்னோஸாகவும் மாறுகிறது.

ஜனக்புரி: டி-குளுக்கோஸ் என்பதில் வரும் டி என்றால் ஒளியை வலப்பக்கம் திருப்பும், சரியா?

தப்பு. டி-ஃப்ரக்டோஸ் இடப்பக்கம் திருப்புகிறது. இந்த டி 5-ஆம் கார்பனின் ஓஹெச் ஃபிஷர் படத்தில் வலப்பக்கம் இருப்பதைச் சொல்கிறது. எண் போட்டுப் பாருங்கள்.

துவாரகா: அப்பாவுக்குச் சுகர். ஃப்ரக்டோஸ் கொடுக்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கள்.

ரோஹிணி: ஆல்ஃபா, பீட்டா எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பதில், கடைசி வரி.