கருவுற்ற முட்டை பொரிக்கவில்லை, குஞ்சு வளைந்து பிறக்கிறது: தண்ணீரா, தாய்மீனா?

கேள்வி: ஈரோடு பக்கம் வாய்க்கால் ஓரத்தில் கட்லா, ரோகு குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறேன். மேலே சாயப்பட்டறைகள் உள்ளன. இரண்டு பருவமாகக் கருவுற்ற முட்டையில் பாதி பொரிப்பதில்லை. பொரித்த குஞ்சும் வால் வளைந்து, நெஞ்சுப் பக்கம் வீங்கி, இரண்டு நாளில் செத்துவிடுகிறது. பி.எச்., ஆக்சிஜன் இரண்டும் சரி என்று சோதனையில் வந்தது. தாய்மீன் சரியில்லையா?

பதில்: தாய்மீனை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். முட்டை எந்த நேரத்தில் வெளுக்கிறது என்று முதலில் பாருங்கள். கருவுறாத முட்டை முதல் சில மணி நேரத்திலேயே வெளுத்துவிடும். 27, 28 டிகிரி வெப்பத்தில் கெண்டை முட்டை பொரிக்க 14 முதல் 18 மணி நேரம் ஆகும். உள்ளே வால் துடிக்கிற வரை வளர்ந்து, அப்புறம் வெளுத்தால் என் சந்தேகம் தண்ணீர் மேல்தான். மதியம் தொட்டி 31 டிகிரியைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள், சூடும் வாலை வளைக்கும்.

பி.எச்., ஆக்சிஜன் இரண்டும் சாயக்கழிவைக் காட்டிக்கொடுக்காது. அதில் உப்பு இருக்கும், நுரைக்கும் துணைப்பொருட்கள் இருக்கும், சில நேரம் உலோகமும் இருக்கும். வளர்ந்த மீன் தாங்குகிற அளவைக் கரு தாங்காது. செவுள், ஈரல் எதுவும் உருவாகவில்லை, விலகி நீந்தவும் வழியில்லை. போதாததற்கு, இட்ட முட்டை முதல் ஒரு மணி நேரத்தில் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சித்தான் உப்புகிறது. உப்பு மிகுந்த தண்ணீரில் முட்டை சரியாக உப்பாமல் சிறுத்தே நிற்கும். வீங்கிய குஞ்சு ஒன்றைக் கைலென்ஸில் பாருங்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, இதயம் நூல் போல இழுபட்டு மெதுவாகத் துடிக்கும். நஞ்சு பட்ட கருவில் அடிக்கடி காணும் அடையாளம் இது.

இனி ஒரு சோதனை. சினையைப் பிதுக்கி, உலர்ந்த தட்டில் விந்துடன் கலந்து, நான்கு பேசினில் நூறு நூறு முட்டை போடுங்கள். ஒன்றில் முழு வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் பாதிக்குப் பாதி, ஒன்றில் கால் பங்கு, ஒன்றில் சேமித்த மழைநீரோ நம்பிக்கையான கிணற்று நீரோ. நான்குக்கும் ஒரே நிழல், ஒரே காற்றூட்டம். வாய்க்கால் தண்ணீர் குறையக் குறையக் குஞ்சு பிழைத்தால் விடை கிடைத்துவிட்டது.

நல்ல தண்ணீரிலும் வீங்கினால்தான் தாய்மீன் குளத்தைச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஒன்டாரியோ ஏரியில் டையாக்சின் வகை நஞ்சு தாயின் உடலிலிருந்து மஞ்சள் கருவுக்குப் போய், டிரவுட் குஞ்சுகள் பல பத்தாண்டுகள் பிழைக்கவே முடியாமல் போயின. இதுபோல என்றால் பொரிப்புத் தண்ணீரை மாற்றிப் பயனில்லை.

சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பி.எச். ஏறினால் தண்ணீரிலுள்ள அம்மோனியாவின் நஞ்சு கூடும். படிகாரமும் கரைந்த உப்பை எடுக்காது. இந்தப் பருவத்துக்கு முட்டை உப்புகிற அந்த முதல் ஒரு மணி நேரத்துக்காவது நல்ல தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வையுங்கள். முடிந்தால் குஞ்சு நீந்தும் வரைக்கும்.

வாய்க்காலில் நுரையோ நிறமோ வரும் அன்றைக்கே தண்ணீர் பிடியுங்கள், மறுநாள் பிடித்தால் ஒன்றும் இருக்காது. எந்தச் சோதனைக்கு எந்த பாட்டில் என்று ஆய்வகத்தில் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். தேதி, நேரம் எழுதி, பேசின் கணக்கையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.