காயில் கட்டத் தெரிந்தவர் தேர்வில் தோற்றது ஏன்?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் மோட்டார் மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். நான் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். யாருக்கு வேலை தெரியும் என்று விவசாயிகளுக்குத் தெரியட்டும் என்று, தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடிவு செய்தோம். பயிற்சி கொடுத்தது நான், 50 கேள்விகளை எழுதியதும் நான். தேர்ச்சிக்கு 25 என்று வைத்தோம். 60 பேர் எழுதியதில் 54 பேர் பாஸ். தோற்ற ஆறு பேரில் ஒருவர், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பெயர் எடுத்தவர். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். என் மகள், சைக்கோமெட்ரிக்ஸ் என்று ஒரு துறை இருக்கிறது, அதைப் படியுங்கள் என்கிறாள். கேள்வித்தாள் தயாரித்த அனுபவத்தை நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் என்னால் அதைக் கற்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

தாராளமாக முடியும். ஐ.டி.ஐ.யில் கணக்குச் சொல்லிக்கொடுத்த கைக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கமிட்டியிடம் ஒன்றை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: மதிப்பெண்ணில் இப்போது கை வைக்க வேண்டாம். 60 மெக்கானிக்குகள் உங்கள் கேள்விகளை எழுதிப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கேள்விகள் தேறினவா என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

இந்தப் பாடத்தை நான் படித்தது ஒரு பட்டறையில். பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்காகக் கேள்வித்தாள் எழுதினேன். ‘மின்காப்புத் தடையை அளக்கப் பயன்படும் கருவி எது?’ என்று அதில் ஒரு கேள்வி. இருபது வருடம் காயில் கட்டிய ஒருவர் அதைக் காலியாக விட்டிருந்தார். கும்பகோணம் பக்கம் அவருடைய பட்டறைக்குப் போனபோது, அந்தக் கருவியின் பட்டறைப் பெயரைச் சொல்லி, “மெக்கர் இருக்கா?” என்று சும்மா கேட்டேன். மேசை டிராயரை இழுத்து எடுத்தார். ஒரு கிளிப்பை டெர்மினலில் மாட்டினார், இன்னொன்றை மோட்டார் பாடியில் பெயிண்ட் உதிர்ந்த இடமாகப் பார்த்து வைத்தார், கைப்பிடியைச் சீராகச் சுற்றினார். முள் நின்ற இடத்தைக் காட்டி, “ஒரு மெகா ஓமுக்குக் கீழ போனா மாட்டாதீங்க சார், உள்ள ஈரம் இருக்கு. காய வச்சு மறுபடி பாக்கணும்” என்றார். நான் கேட்டதற்கும் மேலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது என் பாடப்புத்தகத் தமிழ் மட்டும்தான். அந்தக் கேள்வியால் நான் அளந்தது அவருடைய வாசிப்பை. அவருடைய வேலையை அல்ல. அன்று அவருக்குப் போன ஒரு மதிப்பெண் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

எதை அளக்க வந்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பதுதான் சைக்கோமெட்ரிக்ஸின் முதல் கேள்வி. தகுதிப்பாடு என்று அதைச் சொல்லலாம். மனசைப் படிக்கிற வித்தை என்று பெயரைப் பார்த்து நினைத்துவிட வேண்டாம். தராசைப் பரிசோதிக்கிற வேலை இது.

இப்போது உங்கள் விடைத்தாள்களை எடுங்கள். எக்செல்லில் 60 வரிசை, 50 பத்தி. சரி என்றால் 1, தவறு என்றால் 0. மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலே 16 பேர், கீழே 16 பேரைப் பிரித்துக்கொள்ளுங்கள். இருபுறமும் 27 சதவீதம் எடுக்கும் இந்த முறைக்குக் காரணம் காட்டி 1939ல் எழுதியவர் ட்ரூமன் கெல்லி. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண்கள் வேண்டும். மொத்தத்தில் எத்தனை பங்கு பேர் சரியாக எழுதினார்கள் என்பது ஒன்று, அது கடினத்தன்மை (எண் கூடக் கூடக் கேள்வி சுலபம்). மேல்குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ்குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்து 16ஆல் வகுத்தால் வருவது மற்றொன்று. வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்தக் கேள்வி பிரிக்கிறதா என்பதை அது காட்டும்.

என்னுடைய தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் குறைவாக வருகிறது. காரணம் என்ன?’ நான் வைத்திருந்த விடை, மின் இணைப்பில் பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்பது. கீழ்குழு 16 பேரில் 10 பேர் அதைச் சரியாக எழுதியிருந்தார்கள், மேல்குழு 16 பேரில் 5 பேர்தான். கழித்து வகுத்தால் மைனஸ் 0.31. கெட்டிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் ‘சக்‌ஷன் பைப்பில் காற்று வாங்குகிறது’ என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் தினமும் பார்ப்பது, ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் ஃபில்டர் பாயிண்ட் பம்புகளை. அதில் தண்ணீர் குறைந்தால் அவர்கள் கை முதலில் போவது அங்கேதான். அவர்கள் சொன்னதும் சரிதான். வகுப்பில் நான் சொன்னதை மனப்பாடம் செய்தவர்கள் என் விடையை எழுதினார்கள். ‘காயில் கட்டி வந்த மோட்டாரை மாட்டி ஓட்டியதும்’ என்று முன்னால் சில சொற்களைச் சேர்த்தேன். அடுத்த முறை அதே கேள்வி நன்றாகப் பிரித்தது. உங்கள் தாளிலும் மைனஸ் வந்த கேள்விகள் சில இருக்கும். விடைக்குறிப்பைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

எண் சொல்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறியவும் கூடாது. மெயினை ஆஃப் செய்யாமல் ஸ்டார்ட்டரைத் திறக்கலாமா என்று கேட்டால் 59 பேர் சரியாக எழுதுவார்கள். அது யாரையும் பிரிக்காது. இருந்தாலும் அது இருக்கத்தான் வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. அப்புறம், 60 பேர் என்பது சின்னக் கூட்டம். இன்னொரு 60 பேர் எழுதினால் எண்கள் கொஞ்சம் நகரும். ஜார்ஜ் ராஷ் 1960ல் கொண்டுவந்த கணித மாதிரியும், அதோடு சேர்த்துப் பேசப்படும் கேள்வி மறுமொழிக் கோட்பாடும் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. தேர்வெழுதுகிறவர்கள் பெருகிய பிறகு படிக்கலாம்.

உண்மையில் இந்த வேலை கேள்வி எழுதுவதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் எட்டுப் பேரை உட்கார வைத்து, ஒரு வருடத்தில் என்னென்ன வேலை வருகிறது, எவ்வளவு அடிக்கடி, தவறினால் என்ன நஷ்டம் என்று கேட்டு எழுத வேண்டும். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும், தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை குறுவை நாற்றங்கால் பம்புசெட்டை நம்பித்தான் நிற்கிறது. அந்த நாட்களில் ஒரு பேஸ் போய் மோட்டார் எரிந்தால் நாற்றே போய்விடும். அப்படியானால் ஒரு பேஸ் போவது, ரிலே செட்டிங், பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ப்ரிவென்டர் ஆகியவற்றுக்கு 50ல் எத்தனை கேள்வி? அவர்கள் சொல்லும் கனத்தை வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். கேள்விகள் அந்த அட்டவணைப்படி வரட்டும். சிலபஸ் வரிசைப்படி எழுதினால் ‘மோட்டாரைக் கண்டுபிடித்தவர் யார்’ மாதிரிக் கேள்விகள் உள்ளே புகுந்துவிடும்.

தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு வருவோம். 25 என்பது பாதி என்பதைத் தவிர அதற்கு என்ன காரணம்? பள்ளிக்கூடத்து 35க்கும் உங்கள் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை. 1971ல் வில்லியம் ஆங்கஃப் ஒரு நீண்ட கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதிய யோசனை, பின்னால் உலகம் முழுக்கச் சான்றிதழ்த் தேர்வுகளில் பழக்கத்துக்கு வந்தது. அதே எட்டுப் பேரிடம் சொல்லுங்கள்: ‘வேலையை நம்பிக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கோட்டை இப்போதுதான் தொட்டிருக்கிறான் என்று சொல்லக்கூடிய ஒரு பையனை மனசில் நிறுத்துங்கள். அப்படிப்பட்ட 100 பேரில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள்?’ ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். பிறகு பேசட்டும், விரும்பினால் மாற்றட்டும். ஒரு கேள்விக்கு எட்டுப் பேரின் சராசரி 70 என்றால் அது 0.7. ஐம்பதையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் கோடு. அது 32 ஆக வரலாம், 28 ஆகவும் வரலாம். ஏன் அந்த எண் என்று விவசாயி கேட்டாலும் தோற்றவர் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை நினைத்துத்தான் எனக்கு எப்போதும் கவலை. தேர்வின் நம்பகத்தன்மையை, அதாவது மறுபடி எழுதினாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பதை, கணக்கிட, சரி-தவறு விடைகளுக்கு குடர், ரிச்சர்ட்சன் இருவரும் 1937ல் கொடுத்த 20ஆவது சூத்திரம் போதும். அது 0.84 என்றும், மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 6 என்றும் வைத்துக்கொள்வோம். 1லிருந்து 0.84 போனால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4; 6ஆல் பெருக்கினால் 2.4. ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலும் இந்த அளவுக்கு ஆட்டம் உண்டு என்று அர்த்தம். கோடு 32 என்றால், 31 வாங்கியவரும் 33 வாங்கியவரும் வேறு வேறு ஆட்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் மறுதேர்வுக்குச் சீக்கிரமே ஒரு தேதி வையுங்கள், கட்டணம் வாங்காதீர்கள்.

காயில் கட்டுவதைக் காகிதத்தில் சோதிக்கவே முடியாது. அதற்குத் தனியாகச் செய்முறை வையுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் இருக்கட்டும், இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் மதிப்பெண் போடட்டும். இருவரும் அடிக்கடி வேறுபட்டால் பட்டியலில் ஏதோ தெளிவில்லை.

ஒன்று சொன்னால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பயிற்சியும் நீங்கள், கேள்வியும் நீங்கள் என்பது சரியில்லை. ஆட்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17024 தரநிலை, பயிற்சி கொடுப்பவரே சான்றும் கொடுப்பதை நடுநிலைக்கு ஆபத்து என்று பார்க்கிறது. என் தாளில் பேஸ் கேள்வி கெட்டதும் இதனால்தான்: என் வகுப்பில் உட்கார்ந்தவருக்குத்தான் அது சாதகமாக இருந்தது. கேள்வி எழுத வேறு நான்கு பேரைப் பழக்குங்கள், நீங்கள் திருத்திக் கொடுங்கள்.

கடைசியாக, தோற்ற அந்தக் காயில்காரர். மறுபடி எழுதச் சொல்வதற்கு முன் அவருடைய விடைத்தாளோடு அவர் பட்டறைக்குப் போங்கள். அவர் விட்ட கேள்விகளைப் பட்டறைப் பேச்சில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எத்தனைக்குப் பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், எக்செல் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். மைனஸ் வந்த கேள்விகளை நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்