பவளத் தொட்டிக்கு உப்பு நீர்: அளவு ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது?

கேள்வி: 20 லிட்டர் ஆர்ஓ நீரில் பாக்கெட்டில் சொன்ன அளவுப்படியே உப்பைக் கலக்குகிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் (நீரின் உப்பளவைக் காட்டும் கருவி) ஒரு தடவை 33 காட்டுகிறது, அடுத்த தடவை 36. பவளங்களுக்கு எது சரி? ஒரே அளவில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: 35-ஐக் குறியாக வையுங்கள். அதாவது, ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 25 டிகிரியில் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறக்குறைய 1.026. நிலையாக 34 இருந்தாலும் பவளம் நன்றாகவே வளரும். அதைச் சிரமப்படுத்துவது ஏற்ற இறக்கம்தான்.

உப்பைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சோதியுங்கள். பலர் ஆர்ஓ நீரை வைத்துப் பூஜ்யத்தைச் சரிசெய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் தள்ளிக் காட்டலாம். அதிலும் சில ரிஃப்ராக்டோமீட்டர்களின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கானது. 35 உள்ள கடல் நீரை அவை 36-க்கு மேல் காட்டும். அதனால் 35 என்று குறித்து விற்கும் அளவுத்திருத்தக் கரைசலையே பயன்படுத்துங்கள். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-இல் நிற்கும்வரை திருகைத் திருப்புங்கள்.

அப்புறம் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான உப்பில் 700 கிராம் நிறுத்தால், அதில் ஒரு பங்கு தண்ணீர்தான். கோப்பையால் அளந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். தராசில் நிறுத்துப் போடுங்கள், வாளியைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பாக்கெட் அளவு ஒரு தொடக்கம்தான். முடிவைக் கருவி சொல்லட்டும்.

தண்ணீரை 25 டிகிரிக்குச் சூடாக்கி, பவர்ஹெட்டை (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றவே வேண்டாம். அடியில் கரைசல் மிகவும் அடர்த்தியாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது எளிதில் கரையாது, பவளத்துக்கு வேண்டிய காரத்தன்மையும் குறைந்துவிடும். எவ்வளவு நேரம் கலக்குவது என்பது உப்புக்கு உப்பு மாறும், பாக்கெட்டில் பாருங்கள். நீர் தெளியும் முன் அளக்காதீர்கள்.

இனி திருத்தம். 33 காட்டினால் லிட்டருக்கு 2 கிராம் குறைகிறது. 20 லிட்டருக்கு 40 கிராம், ஈரத்துக்காக இன்னும் சில கிராம். போட்டு, கரைந்ததும் மறுபடி அளங்கள். 36 என்றால் 20-ஐ 36-ஆல் பெருக்கி 35-ஆல் வகுங்கள், 20.57 வரும். அரை லிட்டருக்குச் சற்று மேல் ஆர்ஓ நீர் சேர்த்தால் போதும்.

தொட்டி நீரையும் இதே கருவியால் அளந்து பாருங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை எப்போதும் ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும். தொட்டியே 33-இல் இருந்தால் மட்டும், சில நாட்களுக்கு ஆர்ஓ நீருக்குப் பதிலாக 35-இல் கலந்த நீரால் நிரப்பி மெல்ல ஏற்றுங்கள். ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற வேண்டாம். உப்பை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். கரையாத துகள் பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும்.