ஊட்டிக் குளிரில் பஸ்திரிகா: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து மகன் வீட்டோடு ஊட்டிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வயது 58. மலைக்காற்றில் ஆக்சிஜன் நிறைய இருக்குமே என்று காலை 5 மணிக்கே வாசலில் உட்கார்ந்து பஸ்திரிகா (வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பிராணாயாமம்) செய்கிறேன். ஐம்பது மூச்சைத் தாண்டினால் தலை சுற்றுகிறது, உதடும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன. கோவையில் இப்படி ஆனதே இல்லை. நிறுத்திவிடட்டுமா?
- ஒரு வாசகி, ஊட்டி

பதில்: பஸ்திரிகாவை நிறுத்துங்கள் அம்மா, மூச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

மலையில் ஆக்சிஜன் அதிகம் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! காற்று சுத்தம், அது வாஸ்தவம். ஆனால் ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைவு, அதனால் காற்றில் ஆக்சிஜன் எல்லா ஊரையும்போல 21 சதவீதம்தான் என்றாலும் ஒரு மூச்சில் உள்ளே போவது சென்னைக்காரருக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். அதை ஈடுகட்ட உடம்பு ஏற்கெனவே கூடுதலாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் நீங்களும் துருத்தி ஊதினால் (பஸ்திரிகா என்றாலே துருத்திதானே) ரத்தத்தில் கரியமில வாயு மளமளவென்று இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். தலைசுற்றலும் மரத்துப்போவதும் பெரும்பாலும் அதனால்தான். பயிற்சி செய்யாத நேரத்திலும் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். வெயில் வந்தபிறகு, வீட்டுக்குள், மல்லாந்து படுத்து, அரைக்கிலோ டீத்தூள் பொட்டலம் ஒன்றைத் தொப்புள்மேல் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது பொட்டலம் ஏற வேண்டும், தோள் ஏறக்கூடாது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, அது போதும். விடுவது நீளும்போதுதான் இதயத் துடிப்பு நிதானமாகும், இழுப்பதில் வீரம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. 16 எண்ணி இழுத்து, 64 அடக்கி, 32 விடுகிற பழைய கணக்கெல்லாம் குருவின் பக்கத்தில் இருந்து வருஷக்கணக்காகப் பழகியவர்களுக்கு. பிரஷர் உள்ளவர்கள் கும்பகத்தின், அதாவது மூச்சை அடக்குவதன், பக்கமே போக வேண்டாம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க நம்ம ஊரில் ஒரு வசதி உண்டு. ஜனவரிக் காலையில் சேரிங் கிராஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கிலிருந்து வரும் ஆவியைக் கவனியுங்கள், குபுக்கென்று வந்தால் இன்னும் அவசரப்படுகிறீர்கள், நூல்போல இழைந்து வந்தால் சரி.

அப்புறம் ஒன்று. குளிருக்குக் கரிச்சட்டி மூட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்தால் பழியைப் பயிற்சிமேல் போட்டுவிட்டு அங்கேயே படுத்துவிடுவீர்கள், அதுதான் ஆபத்து.

கேள்வி: நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) செய்ய உட்கார்ந்தால் ஒரு பக்க மூக்கு அடைத்தே இருக்கிறது. பலமாக இழுத்துத் திறக்கலாமா?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். மூக்குத் துவாரங்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைவைத்து ஒன்று அடைத்து ஒன்று திறக்கும், அது இயற்கை. இடது பக்கம் அடைத்தால் வலப்பக்கமாக ஐந்து பத்து நிமிஷம் ஒருக்களித்துப் படுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். வாரக்கணக்கில் அதே பக்கமே அடைக்கிறது என்றால் மூக்குத்தண்டு வளைந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.