மலைத்தபால்: லண்டனில் கை கடிக்காமல் சுற்றலாமா?

மகளுக்கு லண்டனில் வேலை. மே மாதம் நானும் கணவரும் போகிறோம். தங்க இடம் இருக்கிறது. ஆனால் அங்கே எதைத் தொட்டாலும் காசு என்கிறார்கள். செலவில்லாமல் என்ன பார்க்கலாம்?
- வாசகி, கோத்தகிரி

தங்கும் செலவு இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம் எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். பிரிட்டிஷ் மியூசியத்தில் நேரே 33-ஆம் அறைக்குப் போங்கள்; சோழர் கால நடராஜர் அங்கே. ஒட்டியுள்ள 33ஏ அறையில் அமராவதிச் சிற்பங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-இல் எடுத்துப்போன திப்புவின் மரப்புலி, விக்டோரியா ஆல்பர்ட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மியூசியம் போதும். இரண்டாவதில் கால்வலிதான் மிஞ்சும்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்னும் பழைய தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் அதிகம். ஈவன்சாங் என்னும் மாலைப் பாடல் வழிபாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. கால்மணி நேரம் முன்னதாக வரிசையில் நில்லுங்கள். படம் எடுக்கவோ அங்குமிங்கும் உலாவவோ கூடாது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதே போதும் என்பது எங்கள் கட்சி.

நகரத்தை உயரத்திலிருந்து பார்க்க ஸ்கை கார்டன், ஹொரைசன் 22 இரண்டும் இலவசம். இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போய் ஏமாறுபவர்கள் நிறைய. மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

லண்டனில் இருவரும் ஒரே வங்கிக் கார்டைத் தொட்டு பஸ் ஏறலாமா?
- வாசகர், குன்னூர்

கூடாது. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014-இலேயே நிறுத்திவிட்டார்கள். 2025-இல் ஒரு டிக்கெட் 1.75 பவுண்டு; முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம்தான். நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினால் ஒரு வரம்புக்குமேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் காலையில் கார்டு, மாலையில் அதே கார்டை ஏற்றிய போன் என்று மாற்றினால் இரண்டு ஆட்களாகக் கணக்காகிவிடும், சலுகை போச்சு. பாதாள ரயிலில் இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் கழியும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் போதும்.

நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைந்தே இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

ஊட்டி பூங்காவை அமைத்த மெக்கைவர், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்தவராமே? அதைப் பார்க்க ஆசை.
- வாசகர், ஊட்டி

ஆமாம், 1848-இல் வந்தார். கியூவுக்கு டிக்கெட் உண்டு, விலையும் அதிகம். அதற்கு அருகிலேயே ரிச்மண்ட் பார்க் இலவசம். பாதாள ரயிலில் ரிச்மண்ட்; அங்கிருந்து 371-ஆம் பஸ் பிடித்து ரிச்மண்ட் கேட். உள்ளே முக்கால் மணி நடையில் இசபெல்லா பிளான்டேஷன் என்னும் பூந்தோட்டம். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்களில் அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் பூத்துக் குலுங்கும். சோலைக்காட்டுக் காட்டுப்பூவரசின் உறவுக்காரர்கள்தான். மான்களுக்கு 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். குட்டி ஈனும் காலத்தில் பாய்ந்து வரும்.

குறிஞ்சி ஆண்டவர் ஊர்க்காரன் நான். அங்கே முருகன் கோயில் உண்டா?
- வாசகர், கொடைக்கானல்

ஹைகேட் பாதாள ரயில் நிலையத்தருகே ஆர்ச்வே ரோட்டில் இருக்கிறது. தரிசனம் முடிந்து அரைமணி நடந்தால் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் பெரிய திறந்தவெளி. அதில் பார்லிமென்ட் ஹில் உச்சியிலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். உயரம் 98 மீட்டர். உங்களுக்கு அது மேடே இல்லை. ஆனால் காற்று ஊசியாய்க் குத்தும். மே மாதமானாலும் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.