ஆளரவமற்ற ஊரில் குடியேறுதல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கிறோம். தெருமுனைக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும், மாலையில் கோயிலுக்குப் போனால் நாலு பேரிடம் தமிழில் பேசலாம். இப்போது என் கணவருக்கு நார்விச்சில் வேலை கிடைத்திருக்கிறது. நகரத்து வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதால், நார்ஃபோக் மாவட்டத்தில் ரீப்பம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சிறு கிராமத்தில் வீடு பார்த்திருக்கிறோம். செப்டம்பரில் குடிபோகிறோம்.

வீடு பார்க்கப் போன அன்று மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. திருவாரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் மாமியார், “இது ஊரா, சுடுகாடா?” என்று கேட்டுவிட்டார். கணவருக்கு அந்த அமைதி மிகவும் பிடித்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. மகளுக்கு ஏழு வயது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. எங்களைப் போன்ற முகம் அந்த ஊரில் இன்னொன்று இருக்காது என்றே நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பகுதியில் வெகுகாலமாக வசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அமைதிக்குள் எப்படி வாழ்வது?

உங்கள் வாசகி,
லெஸ்டர்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனத்தில் தங்கிவிட்டது உங்கள் அத்தையின் கேள்விதான். நடவு என்றால் வரப்பு நிறையப் பெண்கள், அறுப்பு என்றால் ஊரே வயலில் என்று பார்த்து வளர்ந்த கண் அவருடையது. பட்டப்பகலில் அத்தனை பெரிய வயல்வெளியில் ஓர் ஆள்கூட இல்லாதது அவருக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தத்தான் வேண்டும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் “ஆகா, என்ன அமைதி” என்று மயங்கி நிற்கும் இடத்தில், அவர் “ஆட்கள் எங்கே போனார்கள்” என்று கேட்டிருக்கிறார். பதினோரு ஆண்டுகள் இங்கே வாழ்ந்துவிட்டு நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த அமைதி ஆதியிலிருந்தே இங்கே இருந்ததல்ல. ஆட்கள் வெளியேற வெளியேற வந்து சேர்ந்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றி, இங்கிலாந்தின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானதை, சுமார் 68 லட்சம் ஏக்கரை, தனியார் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பொது நிலத்தில் மாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் கூலிக்காரர்கள் ஆனார்கள். நீங்கள் வரும் வழியில் இருபுறமும் அழகாக நீண்டு கிடக்கும் உயிர்வேலிகளில் பல, அப்படி நிலத்தைப் பிரிப்பதற்காக நட்டவைதான். வசந்தத்தில் அவை வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்போது நானும் நின்று பார்க்கிறேன். ஆனால் அவை எதற்காக நடப்பட்டன என்பதை மறந்துவிட்டுப் பார்க்க முடியவில்லை.

பிறகு குதிரைகள் போய் டிராக்டர் வந்தது. வண்டிக்காரர், கொல்லர், அறுப்பு ஆட்கள் என்று ஒவ்வொருவராக வேலை இழந்தார்கள். நீங்கள் குடிபோகும் ஊர்ப் பக்கமே ஒரு ரயில் பாதை இருந்தது. கிராமத்து ரயில்கள் நின்றதற்கெல்லாம் பல ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கையைத்தான் பலரும் குற்றம் சொல்வார்கள். இந்தப் பாதையில் பயணிகள் ரயில் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1959-இல் நின்றுவிட்டது. நார்விச்சிலிருந்து ரீப்பம் வழியாக எய்ல்ஷம் வரை 26 மைல், தண்டவாளம் கிடந்த தடத்தில் இன்று நடக்கலாம், சைக்கிளில் போகலாம். அந்த ரயிலை நடத்திய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மேரியட் நினைவாக ‘மேரியட்ஸ் வே’ என்று பெயர். உங்கள் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடு பள்ளமே இல்லை, கார் வராது.

இதே நார்ஃபோக்கின் தெற்கு ஓரத்தில், டிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், பர்ஸ்டன் என்றொரு சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கே பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள் டாம் ஹிக்டனும் அவர் மனைவி ஆனியும். பண்ணைக் கூலிகளின் பக்கம் நின்றவர்கள். கூலிகள் ஆதரவோடு டாம் 1913-இல் பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊர் மன்றத் தேர்தலில் வென்றார். ஊர்ப் பாதிரியார் தோற்றார். மறு ஆண்டே இருவரையும் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று, 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியைப் புறக்கணித்துத் தெருவில் ஊர்வலம் போனார்கள். தங்கள் ஆசிரியர்களுக்காகக் குழந்தைகள் நடத்திய வேலைநிறுத்தம்! ஊர்ப் புல்வெளியில் தனிப் பள்ளி தொடங்கினார்கள். 1917-இல் அதற்குச் சொந்தக் கட்டடமும் எழுந்தது. அந்தப் பள்ளி 1939 வரை நடந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அந்தப் புல்வெளியிலும் ஆள் இல்லை. ஆனால் அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒரு கணம்கூட அது எனக்கு வெறும் இடமாகத் தெரியவில்லை. உங்கள் அத்தையை அங்கே அழைத்துப் போங்கள். கீழத் தஞ்சையின் கூலிப் போராட்டங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு நீங்கள் அதிகம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நார்ஃபோக்கில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள்தான். நீங்கள் கண்ணில் படுவீர்கள். முதல் ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னிடம் “வழி தவறிவிட்டீர்களா?” என்று கேட்டார்கள். என் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். இன்னொருவர் குரலில் அக்கறை இல்லை. மூன்றாமவர் எப்படிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது உங்களுக்கு நடக்காது என்று சொல்லி அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டி “புதுசா வந்திருக்கீங்களா” என்று கேட்க மாட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி அது அலட்சியம். இங்கே அது மரியாதை. அதனால் நீங்கள்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடங்கள். முதல் வாரம் தலையசைப்பு. பிறகு வானிலை பற்றி ஒரு வாக்கியம். பிறகு அவர்களுடைய நாயின் பெயர் தெரியவரும். நாய்க்காரரின் பெயர் தெரிய இன்னும் சில மாதம் ஆகும். ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சந்துச் சாலையில் எதிரே வண்டி வந்தால், யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்கியவரைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையைச் சற்று உயர்த்துவார்கள். நீங்களும் மறக்காமல் உயர்த்துங்கள். மறந்தால் ஊர் அதை நினைவில் வைத்திருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பக்கம் பஸ்ஸை நம்பி எந்த வேலையும் ஒப்புக்கொள்ள முடியாது.

நடக்கும் பாதை என்றேனே, இந்த நாட்டுக் கிராமத்தில் எனக்கு மிகப் பிரியமானது அதுதான். அடுத்தவர் வயலின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை, ஆனால் அதில் நடப்பது உங்கள் உரிமை. 1949-இல் வந்த சட்டம், இப்படிப்பட்ட வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதிவு செய்ய வைத்தது. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி விதைப்புக்காக உழுதுவிட்டால், பதினான்கு நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடியும் அமைத்துத் தர வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்க்கிறேன். உழுது முடித்த மண் ஈரத்தில் பளபளவென்று கருத்துக் கிடக்கும். சில நாள் கழித்து ஒரு காலை டிராக்டர் வந்து, வேலியைத் தாண்ட வைத்திருக்கும் படியிலிருந்து எதிர்க்கரையில் தெரியும் ஓக் மரத்தைப் பார்த்து நேராக ஒருமுறை போய்த் திரும்பும். கட்டிகள் உடைந்து இரண்டு சக்கரத் தடம் விழும். அன்று மாலையே அதில் யாரோ நடந்த பூட்ஸ் தடம் இருக்கும். ஒரு வாரத்தில் அது பழையபடி பாதை ஆகிவிடும். வேலிக்குள் அத்தனை நிலம் போன பிறகும் இந்த ஒரு மீட்டர் போகவில்லை. நானும் நடந்தால்தான் அது இருக்கும் என்று நினைத்து, மழையிலும் ஒரு நடை போய் வருகிறேன்.

மற்றவை சுருக்கமாக. எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு, தகுதியான மிக அருகிலுள்ள பள்ளி இரண்டு மைலுக்கு மேல் தள்ளியிருந்தால், போக்குவரத்தை உள்ளாட்சி இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அத்தையின் மாத்திரைகளுக்காக மருந்துக்கடை தேடி ஓட வேண்டியிருக்காது. இத்தகைய பகுதிகளில், மருந்துக்கடை 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நோயாளிகளுக்குப் பல மருத்துவர் நிலையங்கள் தாமே மருந்து தருகின்றன. பதியும்போதே கேளுங்கள்.

குளிர்காலம்தான் கடினம். டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். தெருவிளக்கு இருக்காது. அந்த இருட்டு முதல் ஆண்டில் என்னை அழ வைத்தது, மறைக்க மாட்டேன். அந்த மாதங்களில் உங்கள் அத்தைக்குத் துணையாக வருபவை பறவைகள். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் இளஞ்சிவப்புக் கால் கொண்ட காட்டு வாத்துகள் செப்டம்பர் கடைசியிலிருந்து வந்து இறங்கும். இங்கே சர்க்கரை எடுப்பதற்காக வெள்ளை பீட்ரூட் பயிரிடுகிறார்கள். கிழங்கைப் பிடுங்கிய பின் வயலில் கிடக்கும் தழையும் துண்டுகளும்தான் அவற்றுக்குத் தீனி. பொழுது சாயும்போது கடற்கரைப் பக்கம் திரும்பும். முதலில் தூரத்தில் சந்தைக்கூட்டம் போல ஒரு இரைச்சல் கேட்கும். பிறகு வானம் முழுக்க வரிசை வரிசையாக வரும். அந்த நேரத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டுக்குக் குழாய் எரிவாயு வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வராது. தோட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது நாம் அறிந்த மண்ணெண்ணெய்தான், அதுதான் வீட்டைச் சூடாக்குகிறது. பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் டிசம்பர் 27 அன்று தொட்டி காலியாகி, ஒன்பது நாள் லாரிக்குக் காத்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் கைவண்டி நிறைய விறகு கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் அடுக்கிவிட்டுப் போனார். அவரோடு எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்கு முந்தைய வாரத்துக்குள் எண்ணெய்க்குச் சொல்லிவிடுங்கள். குடிவந்து பெட்டிகளைப் பிரித்ததும் எழுதுங்கள், ரீப்பம் எனக்குப் பதினைந்து நிமிடம்தான். அத்தையைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
அக்கா